எரிமலைக்கு ஏது மதகு?

பூந்தமல்லிப் பக்கத்து நேயர்களுக்குச் செம்பரம்பாக்கம் ஏரிக்கணக்குப் பழக்கமானது. மதகு வழியே விநாடிக்கு இத்தனை கனஅடி என்றால் சிறுவனும் புரிந்துகொள்வான். மதகே இல்லாத எரிமலை கக்கும் நெருப்புக் குழம்பை எவ்வாறு அளப்பது?

குழம்பு பரவி இறுகிய பரப்பை அதன் சராசரித் தடிமனால் பெருக்கினால் கொள்ளளவு கிடைக்கும். அதனைக் கழிந்த காலத்தால் வகுத்தால் ஓட்டத்தின் அளவு. இடர் தடிமனில்தான் இருக்கிறது. குழம்பு பள்ளத்தில் ஆழமாகவும் மேட்டில் மெலிந்தும் படியும். ஆதலின் வெடிப்புக்கு முந்திய தரையின் உயரம் தெரிந்திருத்தல் வேண்டும்.

ஹவாய்த் தீவின் கிலாவேயா மலையில், 1983 முதல் 2018 வரை நீடித்த வெடிப்பில் ஏறத்தாழ 4.4 கன கிலோமீட்டர் குழம்பு வெளிப்பட்டது. அஃதாவது, விநாடிக்குச் சுமார் 140 கனஅடி. நம் ஏரியின் கொள்ளளவோ 3,645 மில்லியன் கனஅடி. அந்த நெருப்பாறு அதனைப் பத்தே மாதத்தில் நிரப்பிவிடும்!

ஆயினும் சராசரியை நம்பி உறங்கலாகாது. 2018 மே மாதம் அம்மலையின் கீழ்ச்சரிவில் புதிய பிளவுகள் திறந்தபோது ஓட்டம் பன்மடங்கு பெருகிற்று. 700க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. இதன்பொருட்டே செயற்கைக்கோள்கள் குழம்பின் வெப்பத்தைக் கண்டு அவ்வப்போதைய ஓட்டத்தை மதிப்பிடுகின்றன. மேகம் மறைத்தால் அதுவும் இயலாது.

நம் நாட்டில் அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அடங்கியிருந்து 1991இல் விழித்தது. மனிதர் குடியிராத தீவு. ஆதலின் அஞ்சி ஓடுவாரில்லை. அளப்பவருக்கு வேறு சங்கடம். குழம்பு மேற்குக் கரை வழியே கடலில் இறங்கியது. நீருக்கடியில் இறுகிய பங்கை எந்த நிலப்படமும் காட்டாது. கடலடியின் பழைய ஆழத்தையும் புதிய ஆழத்தையும் ஒப்பிட்டாலன்றி, கரையில் கண்ட கணக்கு குறைந்தபட்சக் கணக்கே.