மஞ்சளைக் காத்த ஏடு



அரிவாள்மணை விரலைப் பதம் பார்த்தால் மஞ்சட்பொடியை வைத்துக் கட்டுவது தமிழ்த் தாய்மார் அனைவரும் அறிந்த மருத்துவம். அதனைத் தம் கண்டுபிடிப்பென்று ஒருவர் உரிமை கொண்டாட முடியுமா? முடிந்தது! 1995-ஆம் ஆண்டு, மஞ்சளால் புண்ணை ஆற்றும் முறைக்கு அமெரிக்க நாட்டில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நடுவம் காப்புரிமை பெற்றது.

இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் அதனை எதிர்த்தது. பாட்டிமார் அறிவர் என்னும் வாய்ச்சொல் அங்கே செல்லவில்லை. எழுத்துச் சான்றே வேண்டியிருந்தது. 32 சான்றுகள் திரட்டப்பெற்றன. 1997-இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. வென்றது மஞ்சளன்று, எழுதி வைத்த ஏடு!

அச்சான்றுகளுள் நூறாண்டு கடந்த பழையவை எம்மொழியின? சமற்கிருதம், உருது, இந்தி என்றே குறிக்கப்பெற்றன. சித்த மருத்துவம் கண்ட தமிழ் எங்கே நின்றது? எண்ணிப் பாருங்கள்! 2001-இல் தொடங்கப்பெற்ற மரபறிவு மின்னூலகத்தில் பின்னரே சித்த மருத்துவத் தமிழ்நூல்கள் இடம்பெற்றன.

இனி, மஞ்சளின் ஆற்றல் எங்குள்ளது? பெரிதும் அதன் நிறத்தில்! 1815-இல் பிரித்தெடுக்கப்பெற்ற 'குர்க்குமின்' என்பதே அந்நிறப்பொருள். மஞ்சட்பொடி நூறு பங்கில் அஃது ஏறத்தாழ மூன்று பங்கே. ஆய்வகத்தில் அது வீக்கந்தரும் அழற்சியைத் தணிக்கிறது, நுண்ணுயிர்களை அடக்குகிறது. முழங்கால் மூட்டுவலியைக் குறைப்பதாகவும் சில ஆய்வுகள் காட்டின. ஆனால், உண்டபின் குருதியிற் சேர்வது மிகச் சிறிதே. 1998-இல் வெளிவந்த பெங்களூர் ஆய்வொன்றில், 2 கிராம் குர்க்குமினோடு மிளகின் காரப்பொருளாகிய பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது, அச்சேர்க்கை இருபது மடங்கு மிகுந்தது. மஞ்சளும் மிளகும் ஒருங்கே இட்டுக் காய்ச்சிய பாலை நம் வீடுகள் நெடுநாளாய் அறியும்.

ஆயினும், மஞ்சள் எந்நோயையும் தீர்க்குமென முழங்குவது அறிவுடைமையாகாது. அது புற்றுநோயைத் தீர்க்குமென்று நிறுவப்படவில்லை. செறிவூட்டிய குளிகைகளை உண்டு கல்லீரல் கெட்டவரும் உளர். குருதி உறையாதிருக்க மருந்துண்போரும் பித்தப்பைக் கல்லுடையோரும் மருத்துவரைக் கேளாமல் அவற்றைத் தொடலாகாது. குழம்பில் இடும் மஞ்சள் வேறு; குளிகையில் அடைத்த மஞ்சள் வேறு.

பழம்பெருமை பேசுவது எளிது. பதிந்து வைப்பதே அரிது. உங்கள் ஊர் முதியோர் அறிந்த மருந்துகளைப் பெயர், அளவு, செய்முறை ஆகியவற்றோடு தூய தமிழில் எழுதி வையுங்கள். அவற்றை ஆய்வுக்கும் உட்படுத்துங்கள். மெய்யாயின் நிலைக்கட்டும், பொய்யாயின் கழியட்டும். எழுதப்படாத அறிவு என்றேனும் ஒருநாள் எவருக்கோ உடைமையாகும்!