விளையாட்டும் நமது எழுத்தும்

(ஜமாஅத் இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கைப்பேசியில் விளையாடுவது கூடுமா, கூடாதா என்பதைப் பற்றி நாம் இன்று பேச வரவில்லை. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இயற்றிய சட்டமே தடை செய்துவிட்டது. விளையாடி முடித்தபின் பலர் படிக்குமிடத்தில் நம் பிள்ளைகள் என்ன எழுதுகிறார்கள் என்பதே நமது கவலை.

நம் மஹல்லாவில் நடந்ததைச் சொல்கிறோம். தென்காசியில் ஒரே தெருவில் வளர்ந்த நண்பர்கள் இருவர். ஒருவர் வெளியூருக்குப் படிக்கச் சென்றார். இணைய வழியில் இருவரும் சதுரங்கம் ஆடினர். தொடர்ந்து தோற்றவர், "இவன் கணினியின் துணையோடு ஆடுகிறான்" என்று எல்லோரும் காணும்படி எழுதிவிட்டார். அவ்வாண்டு சாரல் காலத்தில் இருவரும் சேர்ந்து குற்றாலம் செல்லவில்லை. வீடுகளுக்கிடையிலும் பேச்சு நின்றது.

செய்தி நம்மிடம் வந்தபோது, ஆட்டப் பதிவுகளை எடுத்து வரச் சொன்னோம். விவரம் அறிந்த ஒருவர் ஒவ்வொரு நகர்த்தலாகப் பார்த்தார். வென்றவர் இரண்டு ஆட்டங்களில் பெரும் பிழை செய்திருந்தார். எந்தக் கணினியும் அப்படி ஆடாது. எழுதியவர் தோற்றது நேரம் தீர்ந்ததால்தான். அவர் வெட்கினார், எழுதியதை அழித்தார். படித்தவர்களின் மனத்திலிருந்து அழிக்க யாரால் முடியும்? எனவே முன்பு எழுதிய அதே இடத்தில், தாம் தவறாகச் சொன்னதாக எழுதும்படி கேட்டுக்கொண்டோம், எழுதினார். அதன்பின்னரே நண்பர் பேசினார்.

இது சிறுவர்களின் குறை மட்டுமன்று. 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், உலகச் சாம்பியனாக இருந்த கார்ல்சன், இளைஞர் நீமனிடம் தோற்றார். மறுநாளே போட்டியிலிருந்து விலகினார்; பின்னர் வெளிப்படையாகவே ஐயம் எழுப்பினார். சிறு வயதில் இணைய ஆட்டங்களில் முறைகேடு செய்ததை நீமன் ஒப்புக்கொண்டவர்தாம். ஆயினும் அந்த நேரடி ஆட்டத்தில் முறைகேடு நடந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. வழக்கு, சமரசம் எனப் பல மாதங்கள் கழிந்தன. தக்க காரணமின்றி விலகியதற்காக, 2023 டிசம்பரில் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் ஒழுங்குக் குழு கார்ல்சனுக்கு 10,000 யூரோ அபராதம் விதித்தது.

கருத்து வேறுபாடே கூடாதென்று நாம் சொல்லவில்லை. ரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலியில் தம் இல்லத்தில் நடத்திய 'வட்டத்தொட்டி'யை இம்மாவட்டத்துப் பெரியோர் அறிவர். பின்னாளில் அவர் குற்றாலத்தில் வாழ்ந்தபோதும் அறிஞர்கள் அவரைத் தேடி வந்தனர். கம்பன் பாடல்கள் பலவற்றை இடைச்செருகல் என்று அவர் ஒதுக்கியதைப் புலவர்கள் பலர் ஏற்கவில்லை. வாதம் எத்தனை கடுமையாயினும் அது எந்தப் பாட்டு, எந்தச் சொல் என்பதைப் பற்றியதாக இருந்தது. நம் எழுத்துக்கும் அதுவே அளவுகோல்.

ஆகவே இளைஞர்களுக்கு நாம் கூறுவன சில. "இந்த விளையாட்டு குப்பை" என்று எழுதினால், அதை உருவாக்கியவர்க்கு ஒரு பயனும் இல்லை. எந்தக் கைப்பேசி, எந்தப் பதிப்பு, எந்தக் கட்டத்தில் நின்றது, மீண்டும் முயன்றபோதும் நின்றதா என்று எழுதுங்கள். திருத்த வழி பிறக்கும். கண்டதையும் கருதுவதையும் பிரித்து எழுதுங்கள். ஆட்டத்தைக் குறை கூறலாம். ஆடியவரின் குடும்பத்தை, ஊரை, மார்க்கத்தை இழுக்காதீர்கள். முறைகேடென ஐயம் எழுந்தால் நடத்துவோரிடம் பதிவுடன் தனியே முறையிடுங்கள். புதிதாக ஆட வந்தவர் கேட்பது எளிய கேள்வியாயினும் எள்ளாமல் பதில் சொல்லுங்கள். நீங்களும் ஒருநாள் புதியவரே.

குற்றாலம் பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டி வெள்ளம் கொட்டும்போது குளிக்கத் தடை விதிக்கிறார்கள். நாம் மறுப்பதில்லை, நீர் தணியும்வரை காத்திருக்கிறோம். தோற்ற கோபமும் அத்தகைய வெள்ளமே. அது தணியும்வரை கைப்பேசியைக் கீழே வையுங்கள். பிறகு எழுதுங்கள்.

அந்த நண்பர்கள் இருவரும் இன்று இக்கூட்டத்தில் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். நமக்கு அதுவே மகிழ்ச்சி.