பக்கத்து வேரைத் தேடும் மரம்



அரூர் பக்கம் சித்தேரி மலைக்கு மாணவர்களை அழைத்துப் போனால் ஒரு வேடிக்கை தவறாமல் நடக்கும். "இதுதான் சந்தன மரம்" என்று காட்டியதும் ஆளுக்கோர் இலையைக் கிள்ளிக் கசக்கி மூக்கில் வைப்பார்கள், முகம் வாடிவிடும். இலையில் வாசமில்லை. பூவில் இல்லை, பட்டையிலும் இல்லை. பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து நடுவில் வைரம் பாயத் தொடங்கும், அதில்தான் எண்ணெய். வேரிலும் உண்டு. அதனால்தான் சந்தனத்தை அடியோடு வெட்டாமல் வேரோடு தோண்டி எடுக்கிறார்கள்.

எனக்குப் பிடித்ததே அந்த வேர்தான். சந்தனம் தன் உணவைத் தன் இலையிலேயே சமைத்துக்கொள்ளும். தண்ணீருக்கும் உப்புச்சத்துக்கும் மட்டும் பக்கத்துச் செடியின் வேரில் உறிஞ்சுவேரைப் பதித்துவிடும். பாதி ஒட்டுண்ணி. எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் சந்தனக் கன்றுக்குப் போட்டி என்று சுற்றியிருந்த துவரையை எல்லாம் பிடுங்கிவிட்டார். கன்று வெளுத்துப் போயிற்று. "உரம் வைத்தும் தேறவில்லையே, சார்?" என்று வந்தார். மறுபடி துவரை விதைக்கச் சொன்னேன். நடப்போகும் நேயர்களே, இளங்கன்றுக்குத் துவரை, வளர்ந்தபின் சவுக்கோ புங்கனோ துணைக்கு இருக்கட்டும். பட்டா நிலத்தில் தாராளமாக வளர்க்கலாம். வெட்டுவது மட்டும் வனத்துறை வழியாகத்தான்.

இந்தக் குடும்பத்துக்குத் தீவுகளிலும் உறவுண்டு. சிலி நாட்டின் ஹுவான் ஃபெர்னாண்டஸ் தீவுகளில் ஒரு தனிச் சந்தன இனம் இருந்தது. வெட்டி வெட்டியே தீர்த்தார்கள். 1908-ல் ஸ்வீடன் தாவரவியலாளர் கார்ல் ஸ்காட்ஸ்பெர்க் மிஞ்சியிருந்த ஒரு மரத்தைப் பார்த்துப் படமெடுத்தார். அதற்குப் பிறகு அது யார் கண்ணிலும் படவில்லை.

நம் தருமபுரி மாவட்டத்தில் இந்த மரத்தின் பெயரால் மனிதர்களும் அடிபட்டார்கள். கடத்தல் சந்தனக்கட்டையைத் தேடுவதாகச் சொல்லி 1992 ஜூன் 20-ல் வாச்சாத்தி கிராமத்துக்குள் புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் செய்த கொடுமைக்கு, 2011-ல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. மரத்தைப் பற்றிப் பேச வந்தவன் அந்த ஊரைச் சொல்லாமல் போக முடியாது.

நேரம் நெருங்கிவிட்டது. உங்கள் வேலியோரம் யாரும் நடாத சந்தனக்கன்று முளைத்திருந்தால், பழம் தின்ற குயிலோ கொண்டைக்குருவியோ போட்ட விதை அது. களையெடுக்கும்போது அதையும், பக்கத்தில் நிற்கும் செடியையும் விட்டுவைப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.