அரையடுக்கும் காலடுக்கும்

(கணபதியில் ஆற்றிய உரை)

  

தமிழாசிரியனுக்குக் கணக்கில் என்ன வேலை என்பீர்கள். கணக்காசிரியர் வாராத ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சென்றேன். கரும்பலகையில் √2 என்றிருந்தது. "இதனை அடுக்காகச் சொல்" என்றேன். "டூ பவர் ஒன் பை டூ" என்றான் ஒருவன். "ஏன்?" என்றேன். வாய் திறவான். அவன் தந்தையாரோ இவ்வூர்க் கடைசல் பட்டறையில் அரையும் காலும் அளந்து பிழைப்பவர்!

'அரையடுக்கு' என்று சொல்லிப் பாருங்கள். ஓர் எண்ணின் அடுக்குகளைத் தம்முள் பெருக்குங்கால் அடுக்கெண்கள் கூடும். √2-ஐ √2-ஆற் பெருக்கினால் 2. அதன் அடுக்கு 1. தன்னொடு தான் கூடி ஒன்றாவது எது? அரையன்றோ! பாடநூல் வர்க்கமூலம் என்னும் இருபடி மூலம் அரையடுக்கானது இங்ஙனமே.

இனி, மூலத்திற்கு மூலம். அரையில் அரை கால். காலில் அரை அரைக்கால். அரைக்காலில் அரை வீசம். அடுக்கின்மேல் அடுக்கு வந்தால் இரண்டையும் பெருக்குக என்னும் நெறி 'அரைக்கால்' என்னும் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றது. 65536-க்கு இருபடி மூலம் 256, அதற்கு 16, அதற்கு 4, அதற்கு 2. நான்கு மூலக்குறிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்த வேண்டா. 65536-இன் வீசவடுக்கு 2, அவ்வளவே. √2-ஐ 2-இன் நாற்படி மூலத்தாற் பெருக்கினால்? அரையும் காலும் முக்கால் என்று கீரை விற்கும் பாட்டியும் சொல்வாள். 16-இன் முக்காலடுக்கு? காலடுக்கு 2, மூன்று கால் ஆகையால் 2-இன் முப்படி, 8.

√ குறியை 1525-இல் தம் நூலில் இட்டவர் செருமானியராகிய உருடோல்பு. கீழ்வாயெண்ணை அடுக்காக ஆளும் முறையை 1676-இல் மடலெழுதி விளக்கியவர் நியூற்றன். அவற்றை நம்முடையன என்று நான் பொய்யுரையேன். ஆனால் 320-இல் ஒரு பங்கிற்கும் முந்திரி எனப் பெயர் வைத்த மொழியில் பிள்ளை 'ஒன் பை போர்' என்று தடுமாறுவானேன்?

குறையும் உண்டு. முப்படி மூலத்திற்கு வேண்டிய மூன்றிலொரு பங்கிற்கு நம் பழைய கீழ்வாய் வாய்பாட்டில் தனிப்பெயர் இல்லை; 320-ஐ மூன்றால் மீதியின்றி வகுக்கவியலாது. 'மூன்றிலொன்று' என்றே சொல்வோம். சுழிக்குக் கீழ்ப்பட்ட எண்ணிற்கு அரையடுக்கு மெய்யெண்ணாக வாராது என்பதையும் பிள்ளைகட்குச் சொல்லிவிடுக.

அன்று மணியடிக்குமுன் அப்பையனையே மீண்டும் எழுப்பினேன். 81-இன் காலடுக்கு 3 என்றான். "ஏன்?" என்றேன்.

"81-க்கு 9, 9-க்கு 3. அரையில அரை காலுங்களே, ஐயா!"