உமியும் உலைத்தீயும்



ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து நாள்தோறும் தீவுகளுக்கிடையே கப்பல்கள் புறப்படுகின்றன. அத்துறையைச் சூழ்ந்த கட்டடங்களுக்கு வேண்டிய சிமெண்டு இத்தீவுகளில் உண்டாவதன்று. நம்மைப் போலவே அதுவும் கடல் கடந்து வந்ததுதான்.

தமிழகத்தில் மதுக்கரையில் 1934-லும், டால்மியாபுரத்தில் 1939-லும் சிமெண்டு ஆலைகள் எழுந்தன. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் பொடித்து, சாய்வாகச் சுழலும் நெடிய உலையிலிட்டு, சுமார் 1450 பாகை வெப்பத்தில் சுடுகின்றனர். இவ்வுலைக்கு நெடுங்காலமாக நிலக்கரியே உணவு. இன்றோ நம் நாட்டு ஆலைகள் சில, நிலக்கரியோடு உமி முதலிய வேளாண் கழிவுகளையும் சேர்த்து எரிக்கின்றன. பயிர் வளருங்கால் காற்றிலிருந்து பெற்ற கரியமிலவாயுவையே எரியுங்கால் திருப்பித் தருகிறது. நிலக்கரியோ பல கோடி ஆண்டுகளாகப் புதைந்து கிடந்ததை வெளிவிடுகிறது.

உமியை அடுப்பிலிட்டவர்கள் அதன் தொல்லையை அறிவார்கள். எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நின்றுவிடும். ஆனால் சிமெண்டு உலையில் அத்தொல்லையே நன்மையாகிறது. உமிச்சாம்பலில் பெரும்பகுதி மணலிலுள்ள சிலிக்காவே. அது சிமெண்டுக்கு வேண்டிய பொருளாதலால், சரக்கோடு கலந்து கல்லாகிவிடுகிறது. கண்ணாடிக்கு இவ்வழி ஒவ்வாது. சாம்பல் பட்டால் தெளிவு கெடும். ஆகவே அங்கே எண்ணெயாகவோ வாயுவாகவோ மாற்றிய உயிர்ப்பொருளே வேண்டும். இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸ் நகரில் பில்கிங்டன் நிறுவனத்தார் 2022-ல் நான்கு நாட்கள் அத்தகைய எரிபொருள் ஒன்றைக் கொண்டே கண்ணாடித் தகடு செய்து காட்டினர்.

எனினும் உமியால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று எண்ணலாகாது. ஒரு டன் தூய சுண்ணாம்புக்கல் வேகும்போது, எத்தீயில் வெந்தாலும், அக்கல்லிலிருந்தே சுமார் 440 கிலோ கரியமிலவாயு வெளிப்படும். சிமெண்டு உலை விடும் அவ்வாயுவில் பாதிக்கு மேற்பட்டது கல்லின் பங்கேயன்றி எரிபொருளின் பங்கன்று.

இன்னோர் எச்சரிக்கை நம் கடற்கரையிலேயே இருக்கிறது. 1830-ஆம் ஆண்டு வாக்கில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பார் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். சேலத்துக் கனிமத்தை மரக்கரியால் உருக்கினர். உலையின் பசிக்குக் காடு ஈடுகொடுக்கவில்லை. அவ்வாலை நிலைக்காமற்போனதற்கு மரக்கரித் தட்டுப்பாடும் ஒரு காரணம். கழிவை எரிப்பது வேறு, காட்டை எரிப்பது வேறு. 1883 முதல் சாத்தம் மர அறுவை ஆலையைக் கண்ட இத்தீவுகளில் இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. 2002-ல் உச்சநீதிமன்றம் இங்கே மரம் வெட்டுவதற்குக் கடுங்கட்டுப்பாடு விதித்தது.

அங்ஙனமாயின் தீவில் மிகுந்து கிடைக்கும் தேங்காய் மட்டையையும் சிரட்டையையும் பெருநிலத்து உலைகளுக்கு அனுப்பலாகாதா? அனுப்பலாம், ஆனால் மட்டை எடை குறைந்தது, இடம் மிகுதியாக அடைப்பது, கப்பற்கூலி கட்டாது. கொப்பரை உலர்த்தும் அடுப்பு பக்கத்திலேயே இருக்க, அவற்றை அரியலூருக்கு ஏற்றுவானேன்?