கழற்றி வைக்கக்கூடிய அனுபவம்



இரவுப் பள்ளி நடத்திய ஓர் ஆசிரியரின் நினைவாகக் கூடியிருக்கிறோம். எனவே கல்வியைப் பற்றியே பேச நினைக்கிறேன்.

அண்மையில் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். மெய்நிகர் கண்ணாடி ஒன்றை மாணவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதை மாட்டிக்கொண்டால் மனித இதயத்துக்குள் நுழைந்து பார்க்கலாம். வெளிநாட்டு ஆசிரியரோடு ஒரே அறையில் நிற்பதுபோலப் பேசலாம். ஆதிதிராவிடர் விடுதி மாணவர்கள் வரிசையின் கடைசியில் நின்றார்கள். அவர்கள் முறை வருவதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது. யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. வரிசை அப்படி அமைந்திருந்தது, அவ்வளவுதான்.

இந்தக் கருவி தூரத்தை ஒழிக்கும் என்கிறார்கள். மனங்களுக்கு இடையிலான தூரத்தையும் ஒழிக்குமாம். ஜோர்டானின் ஜாத்தரி முகாமில் வாழ்ந்த 12 வயது சிரியச் சிறுமியைப் பற்றி, 2015இல் ஐ.நா. ஆதரவோடு ஒரு மெய்நிகர் படம் வெளிவந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கிறிஸ் மில்க், பிறர் துயரை உணரவைக்கும் இயந்திரம் என்றே இக்கருவியைப் புகழ்ந்தார்.

ஆய்வுகள் அவ்வளவு எளிதாகத் தலையாட்டவில்லை. 2013இல் வந்த ஓர் ஆய்வில், கறுப்புத்தோல் உருவத்தை மெய்நிகர் உலகில் ஏற்ற வெள்ளையரிடம் உள்மன இனச்சார்பு குறைந்தது. 2009இல் வந்த மற்றோர் ஆய்விலோ, கறுப்பின உருவத்தை ஏற்றவர்களிடம் அந்தச் சார்பு கூடியிருந்தது. உருவத்தை மாட்டிக்கொண்டால் மட்டும் மனம் மாறிவிடாது.

அனுபவம் யாருடையது என்பது தலித் இலக்கியத்தின் பழைய கேள்வி. கோபால் குருவும் சுந்தர் சருக்கையும் 2012இல் வெளிவந்த தங்கள் நூலில் இதை விவாதித்தார்கள். வெளியேறும் சுதந்திரம் இல்லாததே வாழ்ந்த அனுபவம் என்பது அதில் முக்கியமான வாதம்.

சாத்தாராவில் அம்பேத்கர் படித்த வகுப்பறையை நாளை மெய்நிகரில் உருவாக்கலாம். மூலையில், தனிச் சாக்கில் உட்கார்ந்து பார்க்கலாம். பியூன் வராததால் தாகத்தோடு காத்திருக்கலாம். ஐந்து நிமிடத்தில் கண்ணாடியைக் கழற்றிவிடலாம். அந்தச் சிறுவனோ, பள்ளியைச் சுத்தம் செய்பவர் தொடமாட்டார் என்பதால், சாக்கை மாலையில் வீட்டுக்குச் சுமந்துபோய் மறுநாள் திரும்பச் சுமந்துவந்தான்.

அதற்காக இக்கருவியை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைக்கு இது பெரிய கதவு. ஆனால் அது அரசுப் பள்ளிக்கும் விடுதிக்கும் உரிமையாக வரவேண்டும். நம் வாழ்வைப் படமாக்கும் கேமரா நம் கையிலும் இருக்கவேண்டும். நம் துயரைக் கண்டு ஒருவர் கண்கலங்குவது உரிமைக்கு ஈடாகாது. ஊருக்கும் சேரிக்கும் இடையில் இருப்பது கூப்பிடு தூரம்தான். அதைக் கடக்க எந்தக் கருவியும் தேவைப்பட்டதில்லை.

மாணவத் தோழர்களே, உங்கள் கல்லூரிக்கு அந்தக் கண்ணாடி வரும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை வந்திருக்கின்றன? வரிசை எங்கிருந்து தொடங்குகிறது?