கந்தகம் கலந்த எஃகும் வெல்டரின் சங்கடமும்

லேத்தில் வேலை செய்கிறவர்கள் வாயாரப் புகழ்ந்தும், வெல்டர்கள் மனதாரச் சபித்தும் வருகிற ஓர் எஃகைப் பற்றி இன்று பேசவிருக்கிறேன். ஈ.என். 1ஏ என்றும், அமெரிக்க வழக்கில் 1215 என்றும், ஈயம் சேர்ந்ததாயின் 12எல்14 என்றும் விற்கப்படுகிற அந்த ராடு, சீவல் நீண்ட சுருளாகச் சிக்கிக்கொள்ளாமல் பொடிப்பொடியாக உதிர, டூலின் முனையையும் தேய்க்காமல், வழவழப்பான மேற்பரப்பைத் தந்துவிடுவதால், ஆயிரக்கணக்கில் நட்டும் புஷ்ஷும் கடைகிறவர்களுக்கு அது வரப்பிரசாதமே.

அந்தச் சௌகரியத்திற்கு மூலகாரணம் கந்தகம். சாதாரண எஃகில் 0.05 சதவீதத்தைத் தாண்டாமல் கட்டிக்காக்கப்படுகிற அந்தப் பொருளை, இங்கே 0.26 முதல் 0.35 சதவீதம் வரை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறார்கள். 12எல்14 ரகத்தில் அதற்குமேல் 0.15 முதல் 0.35 சதவீதம் ஈயமும் உண்டு. ஆர்க்கின் உஷ்ணத்தில் உருகிய உலோகம் மறுபடி உறையத் தொடங்கும்போது, உறைந்த மணிகளால் ஒதுக்கித் தள்ளப்பட்ட கந்தகம் எஞ்சியுள்ள திரவத்தில் போய்ச் சேர்ந்து, ஏறக்குறைய 988 டிகிரி வரையில் உறையாத இரும்புச் சல்பைடுக் கலவையாக மணிகளுக்கு நடுவே மெல்லிய படலமாய் நிற்க, குளிர்ந்து சுருங்குகிற உலோகம் இருபுறமும் இழுக்க, பீட்டின் மத்தியில் நீளவாக்கில் விரிசல் விழுந்துவிடுகிறது. ஸ்லாக்கைத் தட்டியதும் மயிரிழை போலத் தெரிகிற அந்த விரிசலைப் பிளந்து பார்த்தால், உள்முகம் பளபளக்காமல் நீலம் பாய்ந்திருக்கும். சூடாக இருந்தபோதே கிழிந்தது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. இதற்கு மருந்தாக முன்கூட்டியே சூடேற்றச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது கரி மிகுந்து இறுகிப்போகிற எஃகுக்குரிய வைத்தியம், கரி 0.15 சதவீதத்துக்கு உட்பட்ட இந்த எஃகின் வியாதியே வேறு.

ஆகவே என் முதல் ஆலோசனை, கூடுமானவரை இதனை வெல்டிங் செய்யாதீர்கள் என்பதே. பற்றவைக்க வேண்டிய பாகம் என்று முன்பே தெரிந்தால், கடைசலில் சற்றுக் கூடுதல் நேரம் பிடித்தாலும் 1018 போன்ற சாதாரண எஃகையே வாங்குங்கள். அல்லது மரை வெட்டியோ, பிரஸ் செய்தோ பொருத்துங்கள். இன்ன ரகம் என்று தெரியாத துண்டு கையில் கிடைத்து, சர்டிபிகேட்டும் இல்லையென்றால், பழைய காலத்துப் பரீட்சை ஒன்று உண்டு: நீர்த்த கந்தக அமிலத்தில் நனைத்த புரோமைடு போட்டோத்தாளை, நன்றாகத் தேய்த்துத் துலக்கிய முகத்தின்மேல் சிறிது நேரம் அழுத்திவைத்து எடுத்தால், கந்தகம் உள்ள இடமெல்லாம் பழுப்புக் கறையாகப் பதிந்திருக்கும்.

வேறு வழியில்லை, பற்றவைத்தே தீரவேண்டும் என்கிற நிலையில், தாய் உலோகம் எவ்வளவு குறைவாக உருகுமோ அவ்வளவு நல்லது என்பதை மனத்தில் இருத்துங்கள். கைக்கு வந்த 6013 வெல்டிங் ராடை எடுத்தால், அதன் பூச்சிலுள்ள ஹைட்ரஜன் கந்தகத்தோடு கூடி வாயுவாகிப் பீட்டெங்கும் துளை போட்டுவிடும்; சுண்ணாம்புச் சத்துள்ள பூச்சினால் கந்தகத்தில் ஒரு பகுதியை ஸ்லாக்கில் ஈர்த்துக்கொள்ளும் 7018 ராடை, ஓவனில் நன்றாக உலர்த்தி, மெல்லிய அளவில், ஆம்பியரைக் குறைத்துப் பயன்படுத்துங்கள். இணையும் மறுபாகம் மைல்டு ஸ்டீலாக இருந்தால் ஆர்க்கை அதன் பக்கமே சாய்த்துப் பிடித்து, கந்தக எஃகின்மேல் குழம்பு வந்து தொட்டுக்கொள்ளும்படி மட்டும் விடுங்கள். பீட் குழிந்திராமல் சற்றே மேடாக இருக்கட்டும், முடிகிற இடத்தில் கிரேட்டரை நிரப்பாமல் ஆர்க்கை வெடுக்கென்று இழுக்காதீர்கள். பில்லர் இல்லாமல் டிக்கில் உருக்கி ஒட்டுவது இந்த எஃகுக்கு ஆகவே ஆகாது. கந்தகம் சேர்ந்த 303 ஸ்டெயின்லெஸ் என்றால் 312 ராடு ஓரளவு கைகொடுக்கும். இத்தனையும் செய்த பின்னரும், பளு தூக்கும் கொக்கிக்கோ, அழுத்தம் தாங்கும் பாத்திரத்துக்கோ அந்த இணைப்பை நான் அனுமதிக்க மாட்டேன்.

ஈயம் கலந்த ரகத்தில் இன்னோர் அபாயம் இருக்கிறது. 327 டிகிரியிலேயே உருகுகிற ஈயம் ஆர்க்கில் ஆவியாகிப் புகையோடு மூக்கில் ஏறும். சன்னலைத் திறந்து வைத்ததை மட்டும் நம்பாமல், புகையை இழுத்து வெளியேற்றும் விசிறியையும் தகுந்த சுவாசக் கவசத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தேநீர்த் தம்ளரைத் தொடவேண்டாம். அன்று உடுத்திய உடுப்பைக் குழந்தைகளின் துணிகளோடு சேர்த்து வெளுக்கவும் வேண்டாம்.